வாயில் முதலில் வருவதை விழுங்கு!

ஆராதனைக்கு நடுவில், சபையே எழுந்து நின்று பாடிக்கொண்டிருக்கும்போது என் இடுப்பில் ஒரு கிள்ளு விழுந்தது.

சாதாரணக் கிள்ளு இல்லை. ரப்பர் மரத்தில் கத்தி பிடித்து உரமேறிய விரல்கள். மூன்று நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "சபைக்குத்தானே போன?" என்று கேட்டார்.

கிள்ளியவள் மலர். முழுப்பெயர் ஜெபமலர். எங்கள் சபைப் பாடகர் குழுவில் பதினைந்து வருடமாக ஆல்ட்டோ. வாரநாட்களில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு தனியார் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறாள். நான் அதே குழுவில் சோப்ரானோ. அவளைவிட நாலு வயது மூத்தவள், பி.எஸ்சி. கணக்கு, வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் இப்படி வாயடிப்பவள்... இந்தத் தகுதிகளில் ஒன்றுகூட அந்தக் கிள்ளிலிருந்து என்னைக் காப்பாற்றவில்லை.

அப்படி என்ன செய்துவிட்டேன்? சொல்கிறேன். அதற்கு முன், பாடகர் குழுவுக்குள் எட்டிப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரி.

எங்கள் பக்கத்துச் சபைகளில் குழுவினர் ஒரே பாட்டை நாலு விதமாகப் பாடுவோம். சோப்ரானோ பாடுவதுதான் ராகம். ஊரே முணுமுணுக்குமே, அந்த ராகம். ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்கிற மற்ற மூன்று கோஷ்டியும் அதே வார்த்தைகளை, அதே நேரத்தில், வேறு ஸ்வரத்தில் பாட வேண்டும். சேர்த்துக் கேட்டால் புல்லரிக்கும். ஆல்ட்டோவை மட்டும் தனியாகக் கேட்டால், 'பாவம், இவளுக்குப் பாட்டு மறந்துபோச்சு போல' என்று தோன்றும்.

அன்று ஆல்ட்டோவில் ஓர் ஆள் குறைவு. நர்ஸ் வேலை கிடைத்துக் குவைத்துக்குப் போய்விட்டாள். பாட்டு நடத்துகிற குவையர் மாஸ்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். "இந்த ஒரு வாரம் நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. நீங்க படிச்சவங்க, சமாளிச்சிருவீங்க."

எனக்கும் அதே நம்பிக்கை இருந்தது. அதுதான் கொடுமை.

முதல் வரியில் ஆல்ட்டோ பாடினேன். இரண்டாவது வரியில் பாதி ஆல்ட்டோ. மூன்றாவது வரியில், ஆல்ட்டோக்காரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, முழுத் தொண்டையில் ராகத்தைப் பாடிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. எனக்கு இடப்பக்கம் நின்ற இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். ஒரு வரிசையே சரிகிறது... வலப்பக்கம் மலர் மட்டும் ஒற்றையாகத் தன் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் அந்தக் கிள்ளு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? முந்தின நாள் சனிக்கிழமை மாலை, அதே சபையின் பின் அறையில், நான்தான் அவளை உலுக்கிக்கொண்டிருந்தேன். கணக்குக்காக.

மலருக்கு முழங்கால் போய்விட்டது. தினமும் சரிவில் ஏறி இறங்கி முந்நூற்றைம்பது மரத்தில் பால் வெட்ட வேண்டும். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே முந்நூற்றைம்பது மரத்துக்கும் போய், சிரட்டையில் வடிந்திருக்கும் பாலை எடுக்க வேண்டும். இருபது வருடமாக இதுதான் வேலை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமேல் மலை ஏறாதீங்க" என்றாராம்.

"பின்ன மரம் இறங்கி வருமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

வேறு ஒரு வழி இருந்தது. எஸ்டேட்டில் பால் எடை போடுகிற கொட்டகையில் ஓர் இடம் காலி. நாற்காலி வேலை. வருகிற பாலை எடை போட்டு, அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்று பார்த்து எழுத வேண்டும். தொழிலாளிகளில் யார் வேண்டுமானாலும் எழுத்துத் தேர்வு எழுதலாம். முப்பது கேள்வி, எல்லாம் கணக்கு. இருபது எடுத்தால் பாஸ். ஓர் ஆளுக்கு மூன்று வாய்ப்புதான். மலர் இரண்டு தடவை எழுதிவிட்டாள். இரண்டு தடவையும் பதினேழு.

மூன்றாவதும் போனால்? முழங்கால் எத்தனை வருடம் தாங்குகிறதோ அத்தனை வருடம் மலை. அதற்குப் பிறகு வீடு. அவள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

"எக்கா, நீங்க கணக்குல பெரிய ஆளுல்லா. எனக்குச் சொல்லித் தருவியளா?" என்று வந்து நின்றாள். பெரிய ஆள்! பள்ளிக்கூடத்தில் மனக்கணக்குப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். மற்றவர்கள் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்வேன். பரிசாகக் கொடுத்த சோப்பு டப்பா இன்னும் குளியலறையில் இருக்கிறது. அந்த சோப்பு டப்பாவின் மமதையோடு பாடம் நடத்த உட்கார்ந்தேன்.

என் முறை எளிமையானது. போனில் டைமரை ஓட விடுவேன். கேள்வியைக் கேட்பேன். "டக்குனு சொல்லு!" என்பேன்.

"மலைக்கு ஏறும்போது பஸ் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம். அதே ரோட்டில் இறங்கும்போது முப்பது. போய்வர சராசரி வேகம் என்ன? டக்குனு!"

"இருபத்தஞ்சு!"

தப்பு. இருபத்துநாலு. ஏறுகிற நேரம் கூடுதல் இல்லையா? மெதுவான வேகத்தில்தான் அதிக நேரம் போகிறது. அறுபது கிலோமீட்டர் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஏற மூன்று மணி, இறங்க இரண்டு மணி. நூற்றிருபதை ஐந்தால் வகுத்தால் இருபத்துநாலு.

"எக்கா, இந்தக் கணக்கே செரியில்ல. இறங்கும்போ முப்பதா? எங்க டிரைவரு அம்பதுல விடுவாரு."

"கணக்குல அவரு முப்பதுலதான் வருவாரு! அடுத்தது, டக்குனு!"

மூன்று சனிக்கிழமை இப்படிப் போனது. நானே முப்பது கேள்வி எழுதி ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். மலர் எடுத்தது பதினொன்று. என்னிடம் வருவதற்கு முன் பதினேழு. என் திருக்கரம் பட்டதும் பதினொன்று!

"எனக்குத் தலையில ஒண்ணுமில்ல எக்கா. விட்டிருங்க. நான் வெட்டியே தீத்துக்கிடுதேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றாலும் வாய் அடங்கியதா? "நீ கவனமே வைக்கிறதில்ல மலரே" என்று அவள் தலையிலேயே பழியைப் போட்டேன். அது சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளு.

ஆராதனை முடிந்து மாமரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் சிரித்தாள். கணக்குப் பழியை அவள் மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை.

"நோவுதா எக்கா? பின்ன என்ன செய்ய? நீங்க ஒக்க ஆளையும் கூட்டிட்டுப் போயிட்டு இருந்திய."

"நீ மட்டும் எப்படிடீ போகாம நின்ன? காதைப் பொத்திக்குவியா?"

"காதைப் பொத்துனா எப்பிடி எக்கா பாட முடியும்? ராகம் கேக்கத்தான் செய்யும். வாயில முதல்ல வாறதும் ராகம்தான். பதினஞ்சு வருசமா ஒவ்வொரு வரிக்கும் அதுதான் முதல்ல வருகு."

"வந்தா?"

"வந்தா முழுங்கணும். அது போனதுக்கு அப்புறம் நமக்குள்ளது வரும். அதைப் பாடணும். அம்புட்டுதான்."

கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

பாருங்கள், நான் என்னவோ இவளுக்குக் கவனம் இல்லை, மூளை வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு பேர் ராகம் பாடும்போது, வாய் வரை வந்துவிட்ட ராகத்தை விழுங்கிவிட்டு, வேறு ஸ்வரத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு, அடுத்த வரி எங்கே திரும்புகிறது என்றும் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் இவள். அதையும் பதினைந்து வருடமாகச் செய்கிறாள். எனக்கோ மூன்று வரி தாங்கவில்லை. இதில் யாருக்கு மூளைக் கட்டுப்பாடு இல்லை?

கணக்குப் படிக்க நல்ல மூளை வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். நல்ல பிரேக்கும் வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? மனத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் இதைத்தான் கொஞ்சம் பெரிய வார்த்தைகளில் சொல்கிறார்கள். முதலில் துள்ளி வருகிற விடையை நிறுத்தி வைப்பது, பாதி போட்ட கணக்கை நழுவவிடாமல் பிடித்திருப்பது, கூட்டலிலிருந்து வகுத்தலுக்கு மாற வேண்டிய இடத்தில் மாறுவது... இவ்வளவும் கணக்கில் பாதி வேலை. சூத்திரம் மனப்பாடம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் உயிரை எடுத்தார்கள். பிரேக் போடச் சொல்லித்தந்த ஒரு டீச்சரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. நானே ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன் — அடுத்தவள் காலை வைத்து!

நம்ப மாட்டீர்களா? ஒரு கேள்வி கேட்கிறேன். ஒரு சக்கையும் — எங்கள் ஊரில் பலாப்பழத்துக்கு அதுதான் பெயர் — ஒரு மாங்காயும் சேர்ந்து பதினோரு கிலோ. சக்கை, மாங்காயைவிடப் பத்துக் கிலோ அதிகம். மாங்காய் எத்தனை கிலோ?

'ஒரு கிலோ' என்று சொன்னீர்கள். சொன்னீர்களா, இல்லையா? எங்கள் வீட்டுக்காரரும் சொன்னார். இன்ஜினீயர். வாயில் இட்லியோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். மாங்காய் ஒரு கிலோ என்றால் சக்கை பத்துக் கிலோ. வித்தியாசம் ஒன்பதுதானே ஐயா? மாங்காய் அரைக் கிலோ. சக்கை பத்தரை.

"அரைக் கிலோ மாங்காய்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் சரியா சொல்லியிருப்பேன்" என்றார். பாலம் கட்டுகிறவர். அந்தப் பாலத்தில் போகிறவர்களைக் கர்த்தர் காப்பாராக.

அடுத்த சனிக்கிழமை டைமரை ஒழித்துக் கட்டினேன். மலரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரமாக ஒரு கோடு போடச் சொன்னேன்.

"முதல்ல வாயில வர்ற விடையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுது. அது சோப்ரானோ. ஊரு பாடுறது. எழுதிட்டியா? விட்டுரு. இப்ப இந்தப் பக்கம் உன் ஆல்ட்டோவை எழுது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எக்கா, உங்களுக்குக் கிள்ளு தலையில ஏறிட்டு."

ஆனால் எழுதினாள். முதல் கேள்வி எடைக் கொட்டகைக் கணக்கு. நாற்பது கிலோ பாலில் நூற்றுக்கு முப்பது பங்கு ரப்பர். அறுபது கிலோ பாலில் நூற்றுக்கு நாற்பது. இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றினால்?

கோட்டுக்கு அந்தப் பக்கம் முப்பத்தைந்து என்று எழுதினாள். எனக்கு வாய் துறுதுறு என்று வந்தது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன். மலர் அந்த முப்பத்தைந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கொட்டகையில் நின்று பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள்.

"இல்லியே... கட்டிப் பாலுல்லா கூட இருக்கு? அப்ப முப்பத்தஞ்சுல நிக்காதே. மேல போகணுமே."

முதல் பாலில் பன்னிரண்டு கிலோ ரப்பர் என்று எழுதினாள். இரண்டாவதில் இருபத்துநாலு என்று எழுதினாள். கூட்டினாள்.

"முப்பத்தாறு எக்கா."

அந்த முப்பத்தாறைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்வதற்கென்ன வெட்கம்? இருபது வருடமாக வாளியில் இருக்கிற பாலைக் கண்ணால் பார்த்தே கட்டியா, தண்ணியா என்று சொல்கிறவள். அந்த அறிவு பேப்பரில் இறங்கி வர ஒரு நொடி இடம் கேட்டது. அந்த ஒரு நொடியைத்தான் நான் டைமர் வைத்துத் துரத்திக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நாலைந்து வாரம் பிடித்தது. சில நாள் சோப்ரானோதான் சரியான விடையாக இருக்கும். இவள் வீம்புக்கு அதை வெட்டிவிட்டு வேறு ஏதோ எழுதுவாள். "ஏழும் எட்டும் பதினஞ்சுதான் மலரே, அதுக்கு எதுக்கு ஆல்ட்டோ?" என்று கத்துவேன். விழுங்குவதற்கும் ஓர் அளவு உண்டு என்பதை இரண்டு பேருமே கற்றுக்கொண்டோம். விழுங்கினதை எடுத்துச் சரிபார்த்து, சரியாக இருந்தால் திரும்பவும் பாடலாம் — தப்பில்லை.

தேர்வு ஒரு புதன்கிழமை. மத்தியானம் போன் செய்தாள்.

"எழுதிட்டேன் எக்கா. நாலு கேள்வி விட்டுப்போச்சு. நேரம் இல்ல."

"நாலா! சும்மாவாவது ஏதாவது ஒண்ணை எழுதிட்டு வரவேண்டியதுதானே? தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல?"

"வாயில வந்தத முழுங்கணும்னு நீங்கதானே சொன்னிய?"

தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிரேக் போடச் சொல்லித்தந்தேன். எடுக்கச் சொல்லித்தந்தேனா? முப்பதில் நாலு போனால் இருபத்தாறு. அதில் ஏழு தப்பென்றால் பத்தொன்பது. கதை முடிந்தது. என்னால்தான் போகப்போகிறது அந்த நாற்காலி. முதல் மூன்று வாரம் அவசரப்படுத்திக் கெடுத்தேன், அடுத்த ஐந்து வாரம் நிதானப்படுத்திக் கெடுத்தேன். பத்து நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் இட்லியை எண்ணிவிட்டு, "ரெண்டு மிச்சம்" என்றார். அந்தக் கணக்கு மட்டும் சரியாக வருகிறது அவருக்கு.

பதினோராவது நாள் காலை போன்.

"எக்கா... லிஸ்ட் ஒட்டிட்டாவ."

"பாஸா? பெயிலா? எத்தனை? சொல்லித் தொலையேண்டி!"

எனக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

"முதல்ல வாறத முழுங்குங்க எக்கா" என்றாள் நிதானமாக.

விழுங்கினேன். நிஜமாகவே விழுங்கினேன். தொண்டையில் சத்தம் கேட்டது.

"இருபத்துநாலு. நாந்தான் முதல்ல."

இரண்டு பேரும் போனில் அழுதோம். நான் சத்தமாக அழுதேன், வழக்கம்போல ராகத்தோடு.

போன திங்கட்கிழமை அவளுக்குக் கொட்டகையில் முதல் நாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் எங்கள் வாசற்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு ஏறுவாள். அன்றும் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். முனகல் மட்டும் இல்லை.

"எப்படி இருந்தது நாற்காலி?"

"அதை விடுங்க. காலைல நடந்தத கேளுங்க. எஸ்டேட்டு கேட்டு தாண்டுனேன். நேரா ஏறிட்டு இருக்கேன் எக்கா, எனக்க பிளாக்குக்கு. கையில கத்தி. எப்ப எடுத்தேன்னே தெரியாது. எனக்க முதல் மரத்துக்கிட்ட போய் நிக்கேன். குனிஞ்சு சிரட்டையத் துடைக்கப் போறேன்... அப்பதான் முட்டு 'சுரீர்'னு வலிச்சுது."

"அய்யோ. அப்புறம்?"

"நின்னேன். கொஞ்ச நேரம் மரத்தைத் தடவிட்டு நின்னேன். பின்ன திரும்பி, கொட்டகையைப் பாத்து இறங்கிட்டேன்."

இருபது வருட ராகம். அவள் கால் அதைப் பாடத்தானே செய்யும்? பாதி மலையில் நின்று, விழுங்கிவிட்டு, தன் ஸ்வரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறாள். எந்தத் தேர்விலும் இதற்கு மார்க் இல்லை. இருந்திருந்தால் முப்பதுக்கு முப்பது நானே போட்டிருப்பேன்.

நானா? நேற்றும் ஆல்ட்டோவில் ஆள் குறைவு. மாஸ்டர் மறுபடியும் என்னைத்தான் கைகாட்டினார். மலருக்குப் பக்கத்தில் போய் நின்று, பாட்டு முடியும் வரை சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன் — அதுவும் ஒரு கட்டுப்பாடுதானே!